வாசலோரப் பெட்டிகள்

வாருங்கள் தாய்மாரே, வாருங்கள் ஐயன்மாரே! இந்தக் கம்பி வேலியின் ஓரமாக வந்து நில்லுங்கள். ஒரு வழக்கு நடந்து முடிந்துவிட்டது. தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. குற்றவாளி என்று சொல்லப்பட்டவன் தீர்ப்புக்கு முன்பே சாம்பலாகிப் போனான். சாட்சிகளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அதோ, மண்மேடுகளுக்கு நடுவே படைக்கலக் கிடங்குகள் இரண்டு. கிழக்குக் கிடங்குக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கருகிய தளமும் நாய்வால் போல் சுருண்ட இரும்புத் தூண்களுமே மிச்சம். மேற்குக் கிடங்கு முழுதாக நிற்கிறது. நாட்களைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளுங்கள்; அதன் கதவை நோக்கி, கையில் ஒரு மரப்பெட்டியும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடையுமாக ஒருத்தி நடந்துபோகிறாள், பாருங்கள். கிழக்கே திரும்பாமல் நடக்கிறாள். அந்தக் கருகிய தளத்தின் மேல்தான் அவள் கணவன் செத்தான்.

அவள் சோதனைக்காரி. குண்டைப் பீரங்கிக் குழாயிலிருந்து தள்ளிவிடும் மருந்து, போர் வராத ஆண்டுகளில் கிடங்கிலேயே கிழடு தட்டுகிறது. வெளியே பார்த்தால் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே மருந்து மெல்லச் சிதையும், நாசியை அறுக்கும் புகை விடும், சூடாகும். சூடு எல்லை மீறினால் ஒருவரும் தீ வைக்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படி நேராமல் காப்பதற்காக ஆண்டுதோறும் கொஞ்சம் மருந்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இட்டு, அதன்மேல் ஓர் ஊதாத் தாளைத் தொங்கவிட்டுச் சூடேற்றுவாள். குறித்த நேரம் வரை தாள் ஊதாவாகவே இருந்தால் மருந்து நலம்; கிடங்கிலுள்ள அத்தனை பெட்டிகளுக்கும் ‘ஆயுள் நீட்டிப்பு’. தாள் வெளுத்தால் அத்தனையையும் வெளியேற்றி அழித்தாக வேண்டும்.

இந்தக் காவல் வேலையை ராணுவம் தன் கையால் செய்வதில்லை. ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. சோதிப்பவளும் ஒப்பந்தக்காரரின் ஆள், அடுக்குபவனும் ஒப்பந்தக்காரரின் ஆள். அவர்களுக்கு மேலாளராக இருந்தவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘ஆயுள் சார்’. வாயைத் திறந்தால் ஆயுள் நீட்டிப்பைப் பற்றித்தான் பேசுவார். குண்டுக்கு ஆயுளை நீட்டிக்கொண்டே போன அந்த மனிதர், குண்டைச் சுமந்தவனின் வேலையை ஒரு பருவத்துக்கு மேல் நீட்டியதில்லை.

அவள் கணவன் அடுக்கு வேலையில் இருந்தான். தோளில் பெட்டி இருந்தாலும் நாக்கில் கேலி இருக்கும். வெயிலோ மழையோ குடையில்லாமல் வாசற்படி தாண்டாதவள் என்பதால், மனைவிக்கு அவன் இட்ட பெயர் ‘குடைக்காரி’. அவனுக்கு உலகத்திலேயே பயம் ஒன்றுதான்: தீக்குச்சி. அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவான். உரசுவதற்குள் குச்சி கீழே விழுந்துவிடும்.

“தீக்குச்சியைப் பாத்தா பேயைப் பாத்த மாதிரி ஓடுறான். இவன் வெடிமருந்துக் கிடங்குல வேலை பாக்குறானாம்! சொன்னா ஊரே சிரிக்கும்,” என்பாள் அவன் தாய்.

ஊர் பிறகு சிரிக்கத்தான் செய்தது. கிழக்குக் கிடங்கு ஒரு நண்பகலில் எரிந்தது. விசாரணைக் குழு வந்தது, கருகிய தளத்தைச் சுற்றி நடந்தது, போனது. அது சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். சோதனையில் தாள் வெளுக்கவில்லை. எனவே மருந்தில் கோளாறு இல்லை. எனவே மனிதக் கோளாறு. உள்ளே இருந்த மனிதன் அவன் ஒருவனே. எனவே அவன் தீப்பெட்டி வைத்திருந்திருக்க வேண்டும். தீப்பெட்டியை எவரும் கண்டதில்லை. ஆனாலும் தீர்ப்பாயிற்று. தெருவில் அந்த வீட்டுக்கு ‘தீப்பெட்டிக்காரன் வீடு’ என்று பெயராயிற்று.

அவளை உறங்கவிடாமல் செய்தது தெருவின் பேச்சல்ல. கணவனுக்கு எதிராக நின்ற ஒரே சாட்சி அவள் தொங்கவிட்ட தாள். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணால் பார்த்தாள், ஊதாவாகத்தான் இருந்தது. மெய்யான சோதனை, மெய்யான தாள், மெய்யான கை. அப்படியானால் தீப்பெட்டியும் மெய்யா? துணி மடிக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, இந்தக் கேள்வி பின்னால் வந்து நின்று அவள் கழுத்தில் மூச்சு விட்டது.

வீட்டில் இன்னொன்றும் இருந்தது. எரிவதற்கு முந்தின நாள் அவன் கழற்றிப் போட்ட வேலைச் சட்டை. மாமியார் அதைத் துவைக்க விடவில்லை. தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். பூட்டியும் அதன் வாடை அறைக்குள் உலவிக்கொண்டே இருந்தது. மூக்கின் அடியில் ஊசி குத்துவது போன்ற ஒரு காரநெடி. அன்று மாலை அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன இது, பேட்டரிக் கடையில படுத்து எழுந்து வந்தீங்களா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. “பின் வரிசையில வேலை. அங்க எப்பவும் அப்படித்தான்,” என்று அவன் சிரித்தான். அதற்கப்புறம் அவன் குரலில் அவள் கேட்ட வாக்கியங்கள் அதிகமில்லை.

அன்று மேற்குக் கிடங்கின் சோதனை நாள். அதனால்தான் அவள் மரப்பெட்டியோடு போகிறாள். கணவனின் தம்பி அங்கே அடுக்கு வேலையில் இருக்கிறான். அண்ணன் போன இடத்தில் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டதை ஒப்பந்தக்காரர் பெரிய தருமம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“தாள்காரம்மா வந்தாச்சு!” என்று உள்ளேயிருந்து மேஸ்திரி கூவினார். “எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்கடா. உங்க வாய் நாத்தத்துல தாள் வெளுத்துடப் போகுது!”

“உங்க மூச்சுக்குப் பெட்டியே வெளுத்துடும் மேஸ்திரி,” என்றான் கொழுந்தன். பிறகு அவளிடம் திரும்பி, “வாங்க அண்ணி. நீங்க காத்திருக்கவே வேணாம். பெட்டியெல்லாம் வாசல்லயே இருக்கு,” என்றான்.

வாசலோரம், காற்று நன்றாக வரும் இடத்தில், சில பெட்டிகள் தனியாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கப்பால், கூரையை முட்டிக்கொண்டு, இருட்டுக்குள் இருட்டாக அடுக்குகள் நின்றன. கிழக்குக் கிடங்கில் நீண்ட காலம் வேலை செய்தவள் அவள். இங்கே சோதனை செய்தவர் வேலையை விட்டு நின்றதால் இதுவும் அவள் தலையில் விழுந்திருந்தது. குனிந்து முதல் பெட்டியின் மூடியில் படிந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

தூசிக்கு அடியில், வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒரு குடை. அரைவட்டம், நடுவே ஒரு கோடு, அடியில் வளைந்த பிடி. பிடி இடப்பக்கமாக வளைந்திருந்தது. அவன் குடை வரைந்தால் பிடி எப்போதும் அப்படித்தான் திரும்பும். அவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். கிழக்குக் கிடங்கில் அவளுக்கென்று ஒதுக்கி வைத்த பெட்டிகளிலும் இதே குடைதான் இருந்தது.

“தம்பி, இது யாரு போட்டது?”

“அண்ணன்தான். வேற யாரு போடுவா? எங்களுக்கு அழிக்க மனசு வரல அண்ணி.”

“அவரு கிழக்குக் கிடங்குலதானே இருந்தாரு?”

“அதுக்கு முன்னாடி இங்கதானே இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் அடுக்கைப் பிரிச்சு, பின்னாலேருந்து பெட்டி இறக்கணும்னா பொழுது சாய்ஞ்சிடும். அதுவரைக்கும் நீங்க வெயில்ல நிக்கணும். ‘என் குடைக்காரி நிக்கக் கூடாதுடா’ன்னு இந்த ஆளுங்ககிட்ட சொல்லிட்டு, நீங்க எந்தக் கிடங்குக்கு வந்தாலும் தயாரா இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் வாசலோரம் பெட்டி இழுத்து வச்சாரு. அதை யாரும் நகத்தவே இல்ல.”

“அப்ப வருஷா வருஷம் சோதனைக்கு எடுக்கிறது...”

“இந்தப் பெட்டிலேருந்துதான். வாசலோரப் பெட்டி. கிழக்கால நீங்களும் அப்படித்தானே எடுத்தீங்க?”

ஆம். அப்படித்தான் எடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து நீட்டுவான். அவள் வாங்கிக்கொண்டு போவாள். வாசற்காற்றில் நிழலில் குளிர்ந்து கிடந்த பெட்டியை ஆண்டுக்கணக்காக அவள் சோதித்திருக்கிறாள். வெயில் அறையும் பின்சுவரை ஒட்டி, காற்றே புகாத ஆழத்தில் வெந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு இந்தச் சில பெட்டிகள் நலச்சான்று வாங்கிக் கொடுத்திருக்கின்றன. தாள் பொய் சொல்லவில்லை. கேட்காத பெட்டியைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

அவள் மரப்பெட்டியைக் கீழே வைத்தாள். அடுக்குகளுக்கு நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்துக்குள் நுழைந்தாள். நாலடி வைப்பதற்குள் வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் அணைந்தது. இன்னும் உள்ளே போகப் போகக் காற்று கனத்தது. பின்சுவரை ஒட்டிய ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல் அது சுட்டது.

அப்போது அந்த வாடை வந்தது. அவள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்த வாடை. அவன் இதோ பக்கத்தில் நிற்கிறான், சட்டையைக் கழற்றப் போகிறான் என்று உடம்பு முழுதும் நம்பியது. கையை நீட்டினாள். கை ஒரு தோளில் பட்டது.

“அண்ணி, நான்தான்,” என்றான் பின்னாலேயே வந்திருந்த கொழுந்தன்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து மூக்கருகே இழுத்தாள். “உன் சட்டையிலயும் அடிக்குதே. எத்தனை நாளா இப்படி?”

“அட, பின் வரிசைக்கு வந்தா அங்க எப்பவும் அப்படித்தான் அண்ணி.”

அதே சொற்கள்; அதே அலட்சியச் சிரிப்பு. செத்தவன் தம்பியின் வாய் வழியாகப் பேசியது போலிருந்தது.

வெளியே வந்தாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு, “பின்சுவர் வரிசையிலேருந்து ஒரு பெட்டி இறக்கணும்,” என்றாள்.

“ஆயுள் சார் சொல்லாம அடுக்கைப் பிரிச்சா என் ஆயுளைக் குறைச்சிடுவாரு தாயி.”

“உள்ள போய்க் கையை வச்சுப் பாருங்க. அப்புறம் வந்து சிரிங்க.”

மேஸ்திரி போனார். திரும்பி வந்தவர் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “டேய், மெதுவா. பச்சைப் புள்ளையைத் தூக்குற மாதிரி,” என்று மட்டும் சொன்னார். அந்தக் கும்பல் அத்தனை அமைதியாக வேலை செய்ததை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

சோதனை அறையில் இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் சூடேறின. ஒன்றில் வாசலோரப் பெட்டியின் மருந்து. மற்றொன்றில் பின்சுவர்ப் பெட்டியின் மருந்து. வாசலோரத் தாள் ஊதாவாக, அப்பாவியாகத் தொங்கியது. பின்சுவர்த் தாளோ, அவள் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் வெளுக்கத் தொடங்கியது. செத்த உதட்டின் நிறத்துக்கு வந்து நின்றது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். ஆயுள் சார் இரண்டு தாளையும் பார்த்தார். பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவைச் சாத்திய கைக்குத் தாளின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது.

“உன்னை யாரும்மா அடுக்கைப் பிரிக்கச் சொன்னது? ஒப்பந்தத்துல என்ன இருக்கு? கிடங்குக்கு இத்தனை மாதிரி எடுக்கணும். அவ்வளவுதான். எந்தப் பெட்டின்னு இருக்கா?”

“இல்ல சார்.”

“இல்லாததை ஏன் தேடுற? ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். கிடங்கையே காலி பண்ணணும்னு நீ எழுதினா நமக்கு என்ன மிஞ்சும்?”

“கிழக்கால என்ன மிஞ்சிச்சுன்னு பாத்தீங்களா சார்?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் தேன் வந்தது. “சரி, நீ சொல்றபடியே வச்சுக்குவோம். பெட்டியை வாசலுக்கு இழுத்து வச்சது யாரு? உன் புருஷன். அதுலேருந்தே எடுத்தது யாரு? நீ. இதை வெளிய சொன்னா தீப்பெட்டிப் பழி போயிடும், ஒத்துக்கிறேன். ஆனா அதைவிடப் பெரிய பழி வருமே? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து கிடங்கை எரிச்சாங்கன்னு ஆயிடும். யோசிச்சுக்கோம்மா. உனக்காகத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் அவர் கயிறாக முறுக்கி அவள் கழுத்தில் போட்டார்.

“இழுத்து வச்சது அவருதான்,” என்றாள். “நான் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு வச்சாரு. கேக்காம எடுத்தது நான்தான். ரெண்டையும் நான் எங்க வேணாலும் சொல்றேன். வெயில்ல நிக்கிறவளுக்கு ஒரு நிழல்கூடப் போடாதது யாரு? எங்கேருந்து எடுக்கணும்னு ஒரு வார்த்தை எழுதாதது யாரு? நான் எடுத்துட்டு வந்ததை ஒருநாளும் எங்கேருந்துன்னு கேக்காதது யாரு? அதை நீங்க சொல்லுவீங்களா சார்?”

“நீ எழுதலேன்னா எழுத வேற ஆள் இருக்கு,” என்றார் ஆயுள் சார். தேன் வற்றிப் போயிருந்தது.

அவள் கிடங்குக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். கணவனைப் பற்றியதையும் தன்னைப் பற்றியதையும் மறைக்காமல் சொன்னாள். எல்லாரையும் வெளியே வந்துவிடச் சொன்னாள். மேஸ்திரி அடுக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நாங்க வெளிய வந்தா நாளைக்கே வேற கும்பலைக் கூட்டிட்டு வந்துடுவானுங்க தாயி.”

“தெரியும். இன்னிக்கு நீங்க வாங்க. நாளைக்கு வர்றவங்ககிட்ட நாளைக்குச் சொல்லுவோம்.”

ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெளியே வந்தார்கள். கொழுந்தன் கடைசியாக வந்தான். அவள் மட்டும் உள்ளே போனாள். தன் பருத்தி அங்கியின் கைமுனையால் வாசலோரப் பெட்டிகளிலிருந்த குடைகளைத் துடைத்தாள். அவன் கை இந்த உலகத்தில் விட்டுச்சென்ற கடைசிக் கோடுகள் அவை. மெல்லத் துடைத்தாள்; ஆனால் முழுதாகத் துடைத்தாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்து, பின்சுவர் ஓரத்துச் சூடான பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஒரு குடை வரைந்தாள். பிடியை இடப்பக்கமாகவே வளைத்தாள்.

மாலையில் மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கொழுந்தன் சுவரோரம் நின்றான். அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்போ என் புள்ளை தீப்பெட்டி எடுத்துட்டுப் போகல?”

“இல்ல அத்தை.”

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

அவள் தலை குனிந்தாள். மாமியார், “பெட்டியை எதுக்கு வாசலுக்கு இழுத்தானாம்?” என்றாள்.

“நான் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு.”

“பைத்தியக்காரப் பய,” என்றாள் கிழவி. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தாள். வாடை அறையெங்கும் எழுந்தது. சட்டையை எடுத்து மருமகளின் மடியில் போட்டாள். “எல்லாத்தையும் சொல்லிடு. நீ பாதியைச் சொன்னா மீதியை அவனுங்க அவனுங்க இஷ்டத்துக்குச் சொல்லுவானுங்க. இதையும் எடுத்துட்டுப் போ. மூக்கு இருக்கிறவன் மோந்து பாக்கட்டும்.”

அவள் படைத்தலைமைக்கு எழுதினாள். ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஒப்பந்தக்காரரைக் கேட்டாள், அவளை வேலையிலிருந்து நீக்கிய செய்தி வந்தது. மேஸ்திரியின் கும்பலும் நீக்கப்பட்டது. அவர் சொன்னபடியே புதிய கும்பல் வந்தது. மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதிய சோதனைக்காரி ஒருத்தியும் வந்தாள்.

இன்று காலை வேலி வாசலில் அவளும் கொழுந்தனும் மேஸ்திரியின் ஆட்களும் நின்றார்கள். கம்பியில் அந்தச் சட்டை தொங்கியது. உள்ளே போன ஒருவன் அதைத் தாண்டும்போது நின்று மூக்கைச் சுளித்தான்.

“இது என்னக்கா வாடை? நேத்து என் சட்டையிலயும் அடிச்சுது.”

“பின் வரிசையில வேலை செஞ்சியா?”

“ஆமா. அங்க எப்பவும் அப்படித்தான்னு சொன்னாங்க.”

அவள் அவன் தோளைப் பிடிப்பதற்குள் உள்ளிருந்து ஒரு விசில் அழைத்தது. அவன் போய்விட்டான். அடுத்து வந்த சோதனைக்காரியின் கையை அவள் எட்டிப் பிடித்தாள். “குடை போட்ட பெட்டி பின்சுவர் ஓரம் இருக்கும்மா. அதுலேருந்து எடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“வாசல்ல இருக்கிறதை எடுத்தா போதும்னு சார் சொல்லியிருக்காருக்கா,” என்றாள் அந்தப் பெண், பயந்த குரலில். குடையில்லாத தலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவளும் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பார்த்தீர்களா தாய்மாரே, பார்த்தீர்களா ஐயன்மாரே? அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சுவர் சூடேறிக்கொண்டிருக்கிறது. அதன் அருகே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். இன்று மாலை அவர்கள் வீடுகளில் சட்டைகள் கழற்றப்படும். மனைவிமார் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வார்கள். நாளை அது எரிந்தால், எரிந்தவனின் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டியைக் கண்டுபிடிக்க இன்னொரு குழு வரும். அந்தக் குழு வருவதற்கு முன்னால் நீங்கள் வாருங்கள். இவள் ஒருத்தியின் குரலுக்கு அந்தக் கதவு திறக்காது. உங்கள் குரலுக்குத் திறக்கும். அடுக்கைப் பிரிக்கும்வரை, உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை இந்த வேலியை விட்டு நகராதீர்கள். நலம், நலம் என்று தாளை நீட்டிக்கொண்டு எவர் வந்தாலும் அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள்: எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாய்?